புல்லா? மண்ணா? சிமெண்டா?

திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தரையைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியது இல்லை.

பவுர்ணமி தோறும் கிரிவலம் வருகிறவர்கள் 14 கிலோ மீட்டர் நடக்கிறார்கள். பலருடைய காலில் செருப்பு கிடையாது. தார் ரோடு ஒரு விதம். கல் பதித்த நடைபாதை ஒரு விதம். ஓரத்து மண் ஒரு விதம். எது இதம், எது சுடும், எது குத்தும் என்பது உள்ளங்காலுக்குத் தெரியும். நடக்கிறவர் அதே ஆள்தான். தரை மாறினால் நடை மாறி விடுகிறது.

நடைக்கே இப்படி! ஓடி, நின்று, திரும்பி, மறுபடியும் ஓடுகிற ஆட்டத்துக்கு எப்படி இருக்கும்?

டென்னிஸ் ஆட்டத்தில் பாதிக் கதை இதுதான்.

டென்னிஸ் ஆடும் இடத்துக்குக் கோர்ட்டு என்று பெயர். கோர்ட்டு என்றதும் வக்கீலும் வாய்தாவும் நினைவுக்கு வரும். இது வேறு கோர்ட்டு. நீளம் 78 அடி. ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது அகலம் 27 அடி. இரண்டு பேருக்கு இரண்டு பேர் ஆடினால் 36 அடி. குறுக்கே ஒரு வலை. வலையின் நடு உயரம் 3 அடி. உலகத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கணக்கு மாறாது.

மாறுவது தரைதான். பாரீஸ் நகரில் மண். லண்டனில் புல். நியூயார்க்கிலும் மெல்போர்னிலும் சிமெண்டு போன்ற கெட்டித் தரை. இந்த நான்கு ஊர்களில்தான் டென்னிசின் நான்கு பெரிய பந்தயங்கள் நடக்கின்றன. ஒரே வீரர் ஒரே ஆண்டில் மூன்று தரையிலும் ஆடியாக வேண்டும். பாரீஸ் பந்தயம் முடிந்து சில வாரங்களில் லண்டன் பந்தயம் வந்து விடும். அதற்குள் காலைப் பழக்கிக்கொள்ள வேண்டும்!

பந்து என்ன செய்கிறது?

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு பந்தைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். பந்தை நேராகக் கீழே போடக் கூடாது. சாய்வாக, வேகமாக எறிய வேண்டும்.

புல் தரையில் எறிந்தால் பந்து வழுக்கிக்கொண்டு போகும். அதிகம் எழும்பாது. புல்லுக்கு அடியில் இருக்கும் மண் மெத்தென்று இருக்கிறது. அது துள்ளலை வாங்கிக்கொள்கிறது. ஆகவே, புல் தரையில் ஆடுகிறவர் குனிந்து, முழங்காலை மடக்கி, தாழ்வாக வரும் பந்தை அடிக்க வேண்டும். யோசிக்க நேரம் கிடையாது.

மண் தரையில் நடப்பது வேறு. மேலே தூள் இருக்கிறது. பந்து விழுந்ததும் அந்தத் தூள் அதைப் பிடித்து இழுக்கிறது. வேகம் குறைகிறது. பந்து மேலே எழும்புகிறது. எதிராளிக்கு ஓடி வந்து எடுக்க நேரம் கிடைத்து விடுகிறது. புல்லில் ஒரே அடியில் முடிய வேண்டிய ஆட்டம், மண்ணில் பத்து அடி, இருபது அடி என்று நீளும். பொறுமைசாலியும், நல்ல மூச்சு உள்ளவரும் ஜெயிக்கும் தரை அது.

பாரீஸ் மண் உண்மையில் மண்ணே அல்ல. செங்கல் தூள்! கோலத்துக்குக் காவி இடுகிற நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும். சுண்ணாம்புக் கல் பொடியைக் கெட்டியாகப் பரப்பி, அதன் மேல் செங்கல் தூளைத் தூவுகிறார்கள். அந்தத் தூளின் கனம் 1 மில்லி மீட்டர் அல்லது 2 மில்லி மீட்டர். அவ்வளவுதான். அந்த ஒரு சிட்டிகைத் தூள் எத்தனையோ பெரிய சாம்பியன்களை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறது.

சிமெண்டுத் தரை இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது. சிமெண்டு அல்லது தார் போட்டு, அதன் மேல் வர்ணம் பூசுகிறார்கள். வர்ணத்தில் மணல் கலக்கிறார்கள். மணல் சொரசொரப்பாக இருந்தால் பந்து மெதுவாகப் போகும். நைசாக இருந்தால் வேகமாகப் போகும். ஆகையால் சிமெண்டுத் தரையிலும் பல ரகம் உண்டு. ஆனாலும் ஒரு குணம் எல்லாவற்றுக்கும் பொது. பந்து ஒரே சீராக எழும்பும். ஏமாற்றாது.

1987: ஒரே ஆண்டில் இரண்டு தரை

தரையின் சக்தி என்ன என்பதைத் தமிழ்நாட்டுக்குக் காட்டிய ஆண்டு 1987.

டேவிஸ் கோப்பை என்பது நாடுகளுக்கு இடையே நடக்கும் டென்னிஸ் போட்டி. அதில் ஒரு விதி. எந்த நாட்டில் ஆட்டம் நடக்கிறதோ, அந்த நாடு தனக்குப் பிடித்த தரையைத் தேர்ந்து எடுக்கலாம். விருந்துக்குப் போகிறவர் சமையலைத் தீர்மானிக்க முடியாது அல்லவா? அது போல!

அந்த ஆண்டு இந்திய அணியின் தூண்கள் மூன்று பேர். விஜய் அமிர்தராஜ், அவருடைய அண்ணன் ஆனந்த் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன். மூவரும் சென்னைக்காரர்கள். விஜய்தான் கேப்டன்.

முதலில் வந்தது அர்ஜென்டினா. ஆட்டம் டெல்லியில். அர்ஜென்டினாக்காரர்கள் மண் தரையில் பிறந்து வளர்ந்தவர்கள். இந்தியா என்ன செய்தது? புல் தரையை விரித்தது. விஜய்க்கு அப்போது வயது 33. அவருடைய நல்ல காலம் போய் விட்டது என்று பலர் எண்ணிய நேரம். அவர் மார்ட்டின் ஹைட்டேயுடன் மோதினார். தோல்வியின் விளிம்பு வரை போய்த் திரும்பி, 5 செட்டுகளில் ஜெயித்தார். இந்தியா 3-2 என்று வென்றது.

அடுத்து இஸ்ரேல். அதுவும் டெல்லியில் தோற்றது.

பிறகு அக்டோபர் மாதம். அரை இறுதி. எதிரி ஆஸ்திரேலியா. இடம் சிட்னி. இப்போது தரையைத் தேர்ந்து எடுக்கும் உரிமை ஆஸ்திரேலியாவுக்கு. அவர்கள் புல்லில் ஆடிப் பேர் எடுத்தவர்கள். ஆகவே, யோசிக்காமல் புல்லையே போட்டார்கள். எதிரே நிற்பவர்களும் புல்லில் வளர்ந்தவர்கள் என்பதை எப்படி மறந்தார்களோ! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். இரு தரப்பும் 2-2 என்று சமமாக நின்றபோது, கடைசி ஆட்டத்தில் ரமேஷ் கிருஷ்ணன், வாலி மசூரை ஒரு செட்டும் விடாமல் தோற்கடித்தார். இந்தியா இறுதிப் போட்டிக்குப் போனது.

இறுதிப் போட்டி சுவீடனில். கோதன்பர்க் என்ற ஊர். டிசம்பர் மாதம். குளிர் நாடு அல்லவா? ஐஸ் ஹாக்கி ஆடும் பெரிய மண்டபம் ஒன்று அங்கே உண்டு. சுவீடன்காரர்கள் அந்த மண்டபத்துக்குள் மண் கோர்ட்டு போட்டு விட்டார்கள்!

அவர்கள் கணக்கு தப்பவில்லை. விலாண்டர், ரமேசை 6-4, 6-1, 6-3 என்று வென்றார். யாரிட், விஜயை வென்றார். இரட்டையர் ஆட்டத்திலும் அண்ணன் தம்பி தோற்றார்கள். முடிவு 5-0. அக்டோபரில் ஆஸ்திரேலியாவை வீழ்த்திய அதே ஆட்கள். அதே கைகள். இரண்டே மாதம். ஒரு பாயிண்டு கூடக் கிடைக்கவில்லை.

புல்லாக இருந்தால் இந்தியா ஜெயித்திருக்குமா? அடித்துச் சொல்ல முடியாது. சுவீடன் அணி அன்று மிகப் பலமான அணி. ஆனால் 5-0 என்று ஆகி இருக்காது என்பதற்குச் சாட்சி ஒன்று இருக்கிறது. அடுத்த கதையைக் கேளுங்கள்.

அதே இருவர், வேறு தரை

1989 ஜனவரி. மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலியப் பந்தயம். மாட்ஸ் விலாண்டர் அப்போது உலகத்தின் முதல் ஆட்டக்காரர். முந்தின ஆண்டின் சாம்பியனும் அவரே. இரண்டாவது சுற்றில் அவர் எதிரே வந்து நின்றவர் யார்? கோதன்பர்க்கில் அவரிடம் தோற்ற அதே ரமேஷ் கிருஷ்ணன்!

இந்தத் தடவை தரை மண் அல்ல. கெட்டித் தரை.

ரமேஷ் 6-3, 6-2, 7-6 என்று ஜெயித்தார். உலக முதல்வர் மூட்டை கட்டினார்.

நடுவில் 13 மாதம்தான். ரமேஷ் திடீர் என்று பயில்வான் ஆகி விடவில்லை. அவருடைய சர்வீசில் என்றுமே பெரிய வேகம் கிடையாது. அவர் பலம் வேறு. எதிராளி அடித்த பந்தின் வேகத்தையே வாங்கி, அதைத் திருப்பி, வேண்டிய மூலைக்கு அனுப்புவார். வட்டிக்கு வாங்கிய பணத்தில் வியாபாரம் நடத்துவது போல! கெட்டித் தரையிலும் புல்லிலும் வேகம் கடனாகக் கிடைத்தது. கோதன்பர்க் மண்ணில் அந்தக் கடன் கிடைக்கவில்லை. பந்து மெதுவாக, உயரமாக வந்து நின்றது. அதை அடித்து முடிக்கச் சொந்த பலம் வேண்டும். விலாண்டரோ, மண் தரையில் மணிக்கணக்காகத் தவறே செய்யாமல் ஆடக் கூடியவர். 17 வயதில் பாரீஸ் பட்டம் வாங்கிய ஆள்!

ரமேஷ் 1981, 1987 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நியூயார்க் பந்தயத்தில் கால் இறுதி வரை போனவர். 1986-ல் விம்பிள்டன் புல்லிலும் கால் இறுதி ஆடினார்.

தகப்பனார் ஆடிய காலம்

ரமேசின் தகப்பனார் ராமநாதன் கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். 1954-ல் விம்பிள்டனில் சிறுவர் பட்டம் வாங்கினார். 1960, 1961 ஆண்டுகளில் பெரியவர்கள் பந்தயத்தில் அரை இறுதி வரை போனார்.

1960-ல் அவர் கால் இறுதியில் தோற்கடித்தவர் சிலி நாட்டு லூயிஸ் அயாலா. இந்த அயாலா லேசுப்பட்டவர் அல்ல. சில வாரங்களுக்கு முன்னால்தான் பாரீஸ் மண்ணில் இறுதி ஆட்டம் வரை போய் வந்தவர். மண்ணில் சிங்கம். புல்லுக்கு வந்ததும் கிருஷ்ணனிடம் ஒரு செட்டு கூட வாங்க முடியவில்லை.

கிருஷ்ணனின் ஆட்டத்தில் ஆரவாரம் கிடையாது. பந்தைத் தடவிக் கொடுப்பது போல் அடிப்பார். தாழ்வாக வழுக்கும் புல் தரையில் அப்படிப்பட்ட அடி மேலும் தாழ்ந்து போகும். எதிராளி தரையைத் தடவிக்கொண்டு நிற்பார். 1961-ல் ராய் எமர்சன் என்ற பெரிய ஆட்டக்காரரையே நேர் செட்டுகளில் வென்றார்.

1966-ல் கல்கத்தா சவுத் கிளப்பில் நடந்தது இன்னும் பெரிய கதை. தன் ஊரில் அமெரிக்காவையே வீழ்த்தி விட்டு வந்த அணி பிரேசில். கடைசி ஆட்டத்தில் தாமஸ் கோக், கிருஷ்ணனை விட 2-1 என்று செட்டுகளில் முன்னால் இருந்தார். நாலாவது செட்டிலும் 5-2 என்று முன்னால் இருந்தார். அங்கிருந்து கிருஷ்ணன் மீண்டு வந்து ஜெயித்தார். இந்தியா முதல் தடவையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. அந்தத் தரையும் புல்தான்.

அந்தத் தலைமுறைக்கு ஒரு நல்ல காலம். 1974 வரை நான்கு பெரிய பந்தயங்களில் மூன்று, புல்லில் நடந்தன. லண்டன், நியூயார்க், ஆஸ்திரேலியா. மண் என்றால் பாரீஸ் மட்டும்தான். புல்லில் பழகியவருக்கு மூன்று கதவுகள் திறந்து இருந்தன.

விஜய் அமிர்தராஜ் 1973-ல் நியூயார்க்கில் ராட் லேவரை வீழ்த்தினார். 1974-ல் அதே ஊரில் யார்ன் போர்க்கை வீழ்த்தினார். இரண்டு ஆண்டும் கால் இறுதிக்குப் போனார். 1975-ல் நியூயார்க்காரர்கள் புல்லை எடுத்து விட்டு மண்ணைப் போட்டார்கள். 1978-ல் கெட்டித் தரைக்கு மாறினார்கள். விஜய் அந்த ஊரில் மறுபடியும் கால் இறுதியை எட்டவே இல்லை. விம்பிள்டனில் மட்டும் 1981-லும் கால் இறுதிக்குப் போனார். அங்கே தரை மாறவில்லை!

1988-ல் ஆஸ்திரேலியாவும் புல்லைக் கைவிட்டது. இன்று பெரிய பந்தயங்களில் புல்லுக்கு மிஞ்சி இருப்பது விம்பிள்டன் ஒன்றுதான்.

ஏன் புல் ஒழிந்தது? காரணம் சாதாரணம். புல்லுக்குத் தண்ணீர் வேண்டும். வெட்ட வேண்டும். உருளை ஓட்ட வேண்டும். ஓய்வும் கொடுக்க வேண்டும். விம்பிள்டனில் புல்லை 8 மில்லி மீட்டர் உயரத்துக்கு வெட்டுகிறார்கள். வருடம் முழுவதும் ஆள் போட்டு வளர்க்கிறார்கள். ஆடுவதோ சில வாரம்! வசதி உள்ளவர் வீட்டுப் பசு மாதிரி. பால் கொஞ்சம். தீனி ரொம்ப.

அந்த விம்பிள்டன் புல் கூட இப்போது பழைய புல் அல்ல. 2001-ல் புல்லின் ரகத்தை மாற்றினார்கள். புதிய புல் அடர்த்தியாக, உறுதியாக வளர்கிறது. பந்து முன்னை விடச் சற்று எழும்புகிறது. கிருஷ்ணன் காலத்து வழுக்கல் இல்லை.

பாதி புல், பாதி மண்!

உலக சாம்பியன்களையும் தரை விட்டு வைக்கவில்லை.

அமெரிக்காவின் பீட் சாம்பிராஸ் விம்பிள்டன் பட்டத்தை 7 தடவை வாங்கினார். பாரீஸ் பட்டம் ஒரு தடவை கூடக் கிடைக்கவில்லை. ஸ்பெயின் நாட்டு ரபேல் நடால் பாரீசில் 14 தடவை சாம்பியன்! அங்கே 112 ஆட்டங்களில் ஜெயித்தார். தோற்றது வெறும் 4. மண் தரையில் அப்படி ஒரு கணக்கு வேறு யாருக்கும் கிடையாது.

2007-ல் ஸ்பெயினில் ஒரு வேடிக்கை நடத்தினார்கள். நடால் அப்போது மண் தரையில் தொடர்ந்து 72 ஆட்டங்களில் ஜெயித்திருந்தார். சுவிட்சர்லாந்தின் ரோஜர் பெடரர் புல் தரையில் தொடர்ந்து 48 ஆட்டங்களில் ஜெயித்திருந்தார். யார் பெரியவர்? கோர்ட்டின் ஒரு பாதியில் புல் போட்டார்கள். மறு பாதியில் மண் போட்டார்கள். வலைக்கு இந்தப் பக்கம் மண், அந்தப் பக்கம் புல்! பக்கம் மாறும்போது எல்லாம் தரையும் மாறும். ஒருவர் பந்தைத் தாழ்வாக எதிர்பார்த்து நிற்க, மற்றவர் உயரமாக எதிர்பார்த்து நிற்க, பார்க்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை.

நடால் ஜெயித்தார். 7-5, 4-6, 7-6. மூன்றாவது செட்டு கடைசி வரை இழுபறி. தரையைச் சரி பாதியாகப் பிரித்ததும் ஆட்டமும் ஏறக்குறைய சரி பாதியாகி விட்டது.

தரையை வென்றவர்களும் உண்டு

இதை எல்லாம் படித்து விட்டு, தரைதான் எல்லாம், ஆள் ஒன்றும் இல்லை என்று நினைத்து விடக் கூடாது.

1993-ல் பிரான்சுக்குப் போனது இந்திய அணி. ரமேஷ் கிருஷ்ணனும் லியாண்டர் பயசும் ஆடினார்கள். பயஸ் கல்கத்தாக்காரர் ஆனாலும், சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தாரின் பயிற்சிப் பள்ளியில் தேறியவர். பிரான்சுக்காரர்கள் மண் தரையைப் போட்டு வைத்திருந்தார்கள். இந்தியா 3-2 என்று ஜெயித்து விட்டது! உலகமே வாயைப் பிளந்தது. அடுத்து ஆஸ்திரேலியா, சண்டிகருக்கு வந்தது. நாம் நமக்குப் பிடித்த புல்லைப் போட்டோம். 5-0 என்று தோற்றோம்.

2024 பிப்ரவரியில் பாகிஸ்தானில் நடந்தது சிட்னி கதையின் மறுபதிப்பு. 60 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய டேவிஸ் கோப்பை அணி அங்கே போனது. இஸ்லாமாபாத்தில் அவர்கள் புல் தரையைத் தேர்ந்து எடுத்தார்கள். சென்னை ராம்குமார் ராமநாதன் ஜெயித்தார். கோவை ஸ்ரீராம் பாலாஜி இரட்டையர் ஆட்டக்காரர். அவரை ஒற்றையர் ஆட்டத்தில் இறக்கினார்கள். அவரும் ஜெயித்தார். இந்தியா 4-0.

2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் வந்தது புதிய செய்தி. பீல் என்ற ஊரில், கூரைக்குக் கீழே, கெட்டித் தரையில் ஆட்டம். மதுரையில் பிறந்த தட்சிணேஸ்வர் சுரேஷ் முதல் தடவையாக டேவிஸ் கோப்பையில் ஆடினார். உலக வரிசையில் அவர் இடம் 600-க்கும் கீழே. எதிராளி ஜெரோம் கிம் எவ்வளவோ மேலே. தட்சிணேஸ்வர் 7-6, 6-3 என்று ஜெயித்து விட்டார்! இந்தியா 3-1 என்று வென்றது. ஐரோப்பிய நாடு ஒன்றை அதன் சொந்த மண்ணில் இந்தியா வென்று 32 ஆண்டு ஆகி இருந்தது.

இவர் நல்ல உயரம். சர்வீசில் வேகம். அமெரிக்கக் கல்லூரியில் படித்து, அங்கே கெட்டித் தரையில் ஆடிப் பழகியவர். காற்றும் வெயிலும் இல்லாத மண்டபத்துக் கெட்டித் தரை அவருக்குத் தாய் வீடு மாதிரி. கிருஷ்ணன்கள் புல்லில் விளைந்த பயிர். இவர் சிமெண்டில் விளைந்த பயிர்.

ஆகவே, இன்று எந்தத் தரையில் பிள்ளைகளை விடுகிறோமோ, அந்த மாதிரி ஆட்டக்காரர்தான் பத்து ஆண்டு கழித்துக் கிடைப்பார்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எது?

முன்பு தமிழ்நாட்டு ஊர்களில் அதிகாரிகள் கிளப்பு என்று ஒன்று இருக்கும். அங்கே மண் கோர்ட்டு இருக்கும். காலையில் ஒருவர் தண்ணீர் தெளிப்பார். கல் உருளையை இழுப்பார். சுண்ணாம்பில் கோடு போடுவார். சாயங்காலம் தாசில்தாரும் டாக்டரும் ஆடுவார்கள். பந்து பொறுக்கிய பையன்களில் சிலர் நல்ல ஆட்டக்காரர்கள் ஆனது உண்டு.

இப்போது புதிதாகப் போடுகிற கோர்ட்டுகளில் பெரும்பாலானவை சிமெண்டு. ஒரு தடவை போட்டால் போதும். மழை பெய்து ஓய்ந்ததும் துடைத்து விட்டு ஆடலாம். ஆள் தேவை இல்லை. பெரிய பந்தயங்களும் அதிகமாகக் கெட்டித் தரையில்தான் நடக்கின்றன. கோவை நிருபமா வைத்தியநாதன் 1998-ல் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் முதல் சுற்றை வென்று பெயர் வாங்கியதும் கெட்டித் தரையில்தான். ஆகவே, சிமெண்டு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் பிள்ளைகளின் முழங்காலை யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

மண்ணில் ஓடி வந்து நிற்கும்போது கால் சற்றுச் சறுக்கி நிற்கும். அதிர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். சிமெண்டில் கால் டக் என்று நின்று விடும். உடம்பின் கனம் முழுவதும் கணுக்காலிலும் முழங்காலிலும் இடுப்பிலும் இறங்கும். ஒரு நாளைக்கு நூறு தடவை, இருநூறு தடவை. எலும்பு முற்றாத 8 வயது, 9 வயதுப் பிள்ளைகளுக்கு இது சாமானியமான விஷயம் அல்ல.

இன்னொன்று துள்ளல். சாதாரணப் பந்து சிமெண்டில் விழுந்தால் சிறு பிள்ளையின் தோளுக்கு மேலே எழும்பும். பிள்ளை எட்டி எட்டி அடித்து, தவறான பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். இதற்காகவே 10 வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டிகளில் துள்ளல் குறைந்த மெதுவான பந்தைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று உலக டென்னிஸ் சங்கம் 2012-ல் விதி செய்தது. பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், என்ன பந்து கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். செருப்புக் கடையில் கிடைக்கும் சாதாரண ஓட்ட ஷூ வேண்டாம். அது முன்னால் ஓடுவதற்கு. டென்னிசில் பக்கவாட்டில் ஓட வேண்டும். அடிப்பாகம் அகலமாக, கனமாக இருக்கும் ஷூ வேண்டும்.

திருவண்ணாமலையில் வெயில் வேறு இருக்கிறது. அக்கினித் தலம் என்ற பெயர் ஒரு பக்கம் இருக்கட்டும். சித்திரையில் மத்தியான நேரத்தில் சிமெண்டுத் தரையில் கால் வைத்துப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

என் அபிப்பிராயம் இது. ஊருக்கு இரண்டு கோர்ட்டு போட இடம் இருந்தால், ஒன்றை மண்ணில் போட வேண்டும். 12 வயது வரை பிள்ளைகள் மண்ணில் ஆடட்டும். மண்ணில் ஒரே அடியில் ஜெயிக்க முடியாது. ஆகவே பொறுமை வரும். யோசித்து ஆடுவார்கள். காலை எங்கே வைப்பது என்று கற்றுக்கொள்வார்கள். பிறகு சிமெண்டுக்குப் போகட்டும். சிமெண்டிலேயே வளர்ந்த பிள்ளை பிற்பாடு மண்ணுக்குப் போனால் வழுக்கி விழுகிறது. ஸ்பெயின் நாட்டில் பிள்ளைகள் மண்ணில்தான் தொடங்குகிறார்கள். நடால் அப்படித் தொடங்கியவர். பிறகு நியூயார்க் கெட்டித் தரையிலும் 4 தடவை பட்டம் வாங்கினார்.

செங்கல் தூளைப் பாரீசில் இருந்து வரவழைக்க வேண்டாம். நம் பக்கத்துச் செம்மண் போதும். களத்துமேட்டில் நெல் அடிக்கவும் கடலை காய வைக்கவும் தரையைக் கெட்டி செய்கிறவர்களுக்கு இந்த வேலை புதிது அல்ல. மண்ணைச் சலித்துக் கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும். வாட்டம் பார்க்க வேண்டும். மேலே மெல்லிய தூள் தூவ வேண்டும்.

மண் கோர்ட்டில் குறையும் உண்டு. பராமரிப்பு இல்லாவிட்டால் குழி விழும். பந்து கண்டபடி துள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் ஆட முடியாது. சிமெண்டுக்குப் போடும்போது செலவு. மண்ணுக்குத் தினமும் செலவு. தினமும் காலை 5 மணிக்கு வந்து தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, கோடு போட ஓர் ஆள் வேண்டும். கோர்ட்டு கட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், அந்த ஆளின் மாதச் சம்பளத்துக்கும் ஒரு வரி எழுதி வைத்தால் காரியம் நடக்கும்.